ராயல் என்ஃபீல்ட் 500ஐ வித்துட்டு 350 எடுத்த மாப்ளையோட கை மரத்துப்போன கேஸ்

மாப்ள வீட்டுக்கு வந்து ஹெல்மெட்ட கழட்ட முடியாம நின்னான். கொக்கிய அமுக்க விரல்ல தெம்பு இல்ல. தங்கச்சிதான் கழட்டி விட்டுச்சு. "மச்சான், லோன் போட்டு வாங்கினது வேஸ்ட்டா போச்சு. பழசே தேவல"ன்னு ஆரம்பிச்சவன் ரெண்டு கிளாஸ் தே ஓ, அதான் பால் இல்லாத டீ, குடிச்சு முடிக்கிற வரைக்கும் நிறுத்தல.

விசயம் இதுதான். அவன்கிட்ட முன்ன ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 500 இருந்துச்சு, செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. இங்க மலேசியா பினாங்குல பட்டர்வொர்த்லருந்து பாலம் ஏறி தீவுல இருக்கற பாயான் லெப்பாஸ்ல வேலைக்கு தெனமும் போய் வரான், அதுல கை மரத்துப்போகுதுன்னு சொல்லித்தான் வித்தான். வித்துட்டு அதே கம்பெனியோட புது கிளாசிக் 350 எடுத்தான், ஏன்னா எல்லாரும் புது இஞ்சின் வெண்ணெ மாதிரி ஓடுதுன்னு சொன்னாங்க. எடுத்த முதல் மாசம் அவனும் அதையேதான் சொன்னான், ஜாலான் பாரு முனீஸ்வரர் கோயில்ல டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சு பூசை போட்டு வந்த அன்னைக்கு அவன் மூஞ்சில இருந்த சிரிப்ப பாக்கணுமே. மூணாவது மாசத்துல இந்த ஹெல்மெட் கத.

நான் பிறைல ஒரு ஃபேக்டரில மெயின்டெனன்ஸ். பம்ப்பு, மோட்டர், ஃபேன் இதெல்லாம் ஏன் ஆடுதுன்னு பாக்கறதுதான் சம்பளம். அதனால மாப்ள சொன்ன ஒரு வார்த்த மண்டைல நின்னுச்சு: "முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு". இஞ்சின் டிசைனே ஆடுற டிசைன்னா முதல் நாளே ஆடியிருக்கணும். நடுவுல ஏதோ மாறியிருக்கு. இத நான் கேட்டப்ப "ஒண்ணும் மாத்தல மச்சான்"ன்னுட்டான். நம்பிட்டேன், அது என் தப்பு.

மொதல்ல ரெண்டு இஞ்சினும் எப்படின்னு சொல்லிடறேன், இல்லன்னா மத்தது புரியாது. பழசு 499 சிசி, பிஸ்டன் அகலம் 84 மிமீ, ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேல கீழ போற தூரம், 90 மிமீ. இஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள்ள இருக்கற யுசிஇ இஞ்சின், 2008 2009 வாக்குல வந்த தலைமுற. அதுக்கு முன்ன திருவொற்றியூர்ல செஞ்ச வார்ப்பிரும்பு புல்லட் இருந்துச்சே, கியர்பாக்ஸ் தனியா தொங்கும், கியர் வலது கால்ல, அதோட ஒப்பிட்டா யுசிஇ எவ்வளவோ மேல்தான். ஆனா அதுல பேலன்சர் ஷாஃப்ட் கிடையாது. புது 350ல இருக்கறது 349 சிசி, 72 மிமீக்கு 85.8 மிமீ, 2020 நவம்பர்ல அதே கம்பெனியோட மீட்டியர் மாடல்ல மொதல்ல வந்து 2021 செப்டம்பர்ல கிளாசிக்குக்கு வந்தது. இதுல பேலன்சர் இருக்கு. சேசிஸும் வேற, பழசுல முன்னாடி ஒத்தக் குழாய் எறங்கி வந்து இஞ்சினையே சேசிஸோட ஒரு துண்டா வச்சிருப்பாங்க, புதுசுல ரெட்டக் குழாய்.

பேலன்சர்னா என்னான்னு நிறைய பேர் தப்பா புரிஞ்சு வச்சிருக்காங்க, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். ஒத்த சிலிண்டர்ல பிஸ்டன் மேலயும் கீழயும் அடிக்கும், ஒவ்வொரு முனைலயும் நின்னு திரும்பணும், அந்த நின்னு திரும்பற உதறல்தான் நம்ம கைக்கு வருது. இத குறைக்க கிராங்க்ல, அதான் பிஸ்டன் அடிக்கிற அடிய சுத்தா மாத்தற தண்டுல, எதிர்ப்பக்கம் ஒரு வெயிட்ட வைப்பாங்க. ஆனா கிராங்க் வட்டமா சுத்துது, பிஸ்டன் நேர்கோட்டுல போகுது, அதனால முழு வெயிட்ட வச்சா மேல கீழ உதறல் போய் அதே அளவு முன்ன பின்ன உதறல் வந்துரும். சரின்னு பாதி வெயிட்ட வச்சு பாதி உதறல் மேல கீழ, பாதி முன்ன பின்னன்னு பிரிச்சு விட்டுருவாங்க. பழைய 500 இந்த சமரசத்துலதான் ஓடுது. அந்த மிச்சப் பாதிய கூட்டிப் பாத்தா கிராங்குக்கு எதிர்த்திசைல சுத்துற ஒரு விசையா வரும், அப்ப கிராங்குக்கு எதிர்த்திசைல அதே வேகத்துல இன்னொரு வெயிட்ட சுத்த விட்டா அதுவும் அடிபட்டுரும்ல. அந்த இன்னொரு வெயிட்டுதான் பேலன்சர். அவ்வளவுதான் விசயம், மேஜிக் ஒண்ணும் இல்ல.

ஆனா ஒண்ணு மிச்சம் இருக்கு. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கற கனெக்டிங் ராடு சாஞ்சு சாஞ்சு போறதால பிஸ்டன் மேல் பாதில வேகமாவும் கீழ் பாதில மெதுவாவும் போகும். அதனால கிராங்க் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள ரெண்டு தடவ வர்ற சின்ன உதறல் ஒண்ணு உண்டு, மொத உதறல்ல ஏறக்குறைய கால் பங்கு. கிராங்க் வேகத்துல சுத்துற பேலன்சர் இத தொடவே தொடாது. இத மனசுல வச்சுக்குங்க, கடைசில வேணும்.

ஞாயித்துக்கிழமை காலைல ஆரம்பிச்சோம். பழைய 500ஐ வாங்கினவரு நம்ம ஆளுதான், பக்கத்துல ஜூருலயே இருக்காரு, கேட்டதும் வண்டியோட வந்துட்டாரு. ரெண்டையும் ஸ்டால் முன்னாடி நிறுத்தி ஆளுக்கொரு தே ஓ ஐஸ் புங்குஸ், அதாவது ப்ளாஸ்டிக் பைல கட்டின ஐஸ் டீ, வாங்கி ஹேண்டல்ல மாட்டினோம். சும்மா வெளையாட்டுக்கு மாட்டினதுதான், ஆனா அதுலயே பாதி பாடம் இருந்துச்சு. 500 ஐடிலிங்ல பையே ஊஞ்சல் மாதிரி ஆடுது, ஐஸ்கட்டி ஒண்ணோடொண்ணு முட்டிக்குது, ஆனா தண்ணி மேல்பரப்பு அல அலையா மெதுவாத்தான் அசையுது. நாலு ஸ்ட்ரோக்ல ரெண்டு சுத்துக்கு ஒரு அடின்றதால ஆயிரம் ஆர்பிஎம்ல செகண்டுக்கு எட்டு அடிதான், அத கண்ணாலயே எண்ணிடலாம் போல இருக்கும். 350ல பை கிட்டத்தட்ட சும்மா தொங்குது. மாப்ள ஆக்சிலேட்டர கொஞ்சம் கொஞ்சமா முறுக்கினான், ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஒரு இடத்துல வந்ததும் பை ஆடாமலே தண்ணி மேல மட்டும் ஊசி ஊசியா பொடிக் கோடு எழும்புச்சு, இன்னும் கொஞ்சம் முறுக்கினதும் அடங்கிப்போச்சு. 500காரரு "எங்க, திருப்பி பண்ணு"ன்னாரு. திருப்பி பண்ணினாலும் அதே இடம்.

எனக்கு அப்பவே சந்தேகம். உதறல் விசை ஆர்பிஎம்மோட வர்க்கத்துல ஏறும், 3000லருந்து 5000க்கு போனா கிட்டத்தட்ட 2.8 மடங்கு. ஏறத்தான் செய்யும், நடுவுல எறங்கவே எறங்காது. ஒரு இடத்துல வந்து, தாண்டினதும் போகுதுன்னா அது இஞ்சின் விசை இல்ல, வண்டில ஏதோ ஒரு பாகம் அந்த வேகத்துக்கு ஒத்து ஊதுது. ரெசனன்ஸ். ஃபேக்டரில ஒரு ஃபேன் 1200ல அமைதியா ஓடும், 1350ல கத்தும், 1500ல திரும்ப அமைதியாயிரும், பழகின விசயம்.

அப்புறம் ஹைவே. ஜூருலருந்து தெற்க ஜாவி வரைக்கும், மோட்டார்சைக்கிளுக்கு டோல் கிடையாதுன்றதால எத்தன தடவ வேணா போகலாம், நாலு தடவ போனோம். அளவுகோலா கண்ணாடிய வச்சுக்கிட்டேன். பின்னாடி வர்ற லோரியோட நம்பர் பிளேட் கண்ணாடில படிக்க முடியுதா இல்லையான்னு பாக்கறது, இதுக்கு மேல நம்பகமான மீட்டர் ரோட்டுல கிடையாது. 500ல 60 கிமீ வேகத்துல படிக்க முடிஞ்சுச்சு, 80ல இழுத்தடிச்ச மாதிரி, 100ல வெள்ள கறுப்பு பட்ட மட்டும்தான். நேரா ஏறுது, எதிர்பாத்ததுதான். 350ல 80 வரைக்கும் எழுத்து கத்தி மாதிரி இருக்கு. 92ல ஆரம்பிச்சு 95, 98ல கண்ணாடில லோரியே காணோம், வெறும் வெளிச்சம். 105 தாண்டினதும் நம்பர் திரும்ப வந்துருச்சு! ஹெல்மெட்டுக்குள்ள நான் சிரிச்சது பின்னால வந்த மாப்ளைக்கு தெரியாது.

95ல கிளட்ச்ச புடிச்சு இஞ்சின ஐடிலிங்குக்கு விட்டேன், வண்டி அதே வேகத்துல உருளுது, நடுக்கம் சட்டுனு போச்சு. அப்ப டயர், ரிம், வீல் பேரிங் எல்லாம் லிஸ்ட்லருந்து அவுட். அடுத்து நாலாவது கியர்ல ஓட்டினேன், 80 தொடறதுக்குள்ளயே அதே மங்கல். அப்ப ரோட்டு வேகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, இஞ்சின் சுத்துதான் கணக்கு. இந்த வண்டில ஆர்பிஎம் மீட்டர் இல்ல, கியர் ரேஷியோ வச்சு நான் போட்ட கணக்குக்கு 5000 சுத்து பக்கம் வருது, அதாவது செகண்டுக்கு 80 சொச்சம்.

மாப்ள நடுவுல ஃபோன்ல ஒரு வைப்ரேஷன் ஆப்ப எறக்கி டேங்க் மேல வச்சு கிராஃப் காட்டினான், "பாருங்க மச்சான், 17ல உச்சம்"ன்னு. ஃபோன் சென்சார் பெரும்பாலும் செகண்டுக்கு நூறு தடவ அளக்கும், நூறு தடவ அளந்தா அம்பதுக்கு மேல இருக்கற எதுவும் அதுக்கு சரியா தெரியாது, 83ல ஆடுறத நூறுல அளந்தா அது 17ன்னு பொய் சொல்லும். நூறுலருந்து 83அ கழிச்சு பாருங்க. அது போக ஃபோன மோட்டார் ஹேண்டல்ல மாட்டவே மாட்டாதீங்க, பெரிய இஞ்சின் மோட்டாரோட அதிர்வுல கேமரா கெட்டுப்போகலாம்னு ஆப்பிளே 2021ல எழுதி போட்டுருச்சு.

திங்கக்கெழம வண்டிய என் வீட்டு போர்ச்சுக்கு கொண்டுவர சொன்னேன். டேங்க் கீழ டார்ச் அடிச்சு பாத்தா முன்பக்க இஞ்சின் பிராக்கெட் போல்ட்டு ஒண்ணுல கம்பெனி போட்ட பெயிண்ட் மார்க் ஒடஞ்சிருக்கு. யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க. "ஒண்ணும் மாத்தல"ன்ன மாப்ள தல சொறிஞ்சான். ரெண்டாவது மாசம் ஒரு வெர்க்‌ஷாப்ல கிராஷ் கார்டு மாட்டியிருக்கான், அந்தக் கார்டோட பிராக்கெட்டு இந்த போல்ட்லதான் உக்காருது. ஸ்பானர் வச்சதும் முக்கா சுத்து சும்மா திரும்புச்சு. எந்த வெர்க்‌ஷாப்புன்றது இங்க வேணாம், போல்ட்ட சரியான அளவுக்கு இறுக்கற டார்க் ரென்ச்ச சுவத்துல அழகுக்கு மாட்டி வச்சிருக்கற கடைங்க நம்ம ஊர்ல ஒண்ணு ரெண்டா.

டார்க் ரென்ச் வச்சு இறுக்கி ஓட்டினோம். கொஞ்சம் குறைஞ்சுச்சு. கொஞ்சம்தான். 95ல லோரி இருக்கறது தெரியுது, நம்பர் தெரியல. செயினையும் ஒரு தடவ சுத்தி பாத்தேன், அதுல ஒண்ணும் இல்ல.

அப்பதான் ஹேண்டல பாத்தேன். ஹேண்டல் கம்பெனிது இல்ல! இத்தன நாள் கண்ணு முன்னாடி இருந்திருக்கு. கிராஷ் கார்டு போட்ட அதே நாள்ல ஹேண்டலையும் மாத்தியிருக்கான், ஆன்லைன்ல வாங்கின மெல்லிசு குழாய், அகலம் ரெண்டு பக்கமும் சேத்து ஒரு சாண் கூட, நுனில கண்ணாடி தொங்குது. ஸ்டைலா இருக்கு, மறுக்கல. கேட்டா "அது மாடிஃபிகேசன் இல்ல மச்சான், அக்சசரி"ங்கறான். இவன வச்சுக்கிட்டு என்ன பண்றது.

ஃபேக்டரிலருந்து அதிர்வ அளக்கற கையடக்க அனலைசர சூப்பர்வைசர்கிட்ட கேட்டு ஒரு ராத்திரிக்கு எடுத்துட்டு வந்தேன். சென்சார ஹேண்டல் நுனில ஒட்டி, இஞ்சின ஆஃப் பண்ணிட்டு ரப்பர் சுத்தியலால லேசா ஒரு தட்டு. மணி அடிச்சா அதோட சொந்த சத்தம் வர்ற மாதிரி ஹேண்டலுக்கும் சொந்த ஆட்டம் ஒண்ணு இருக்கும், அது எங்க இருக்குன்னு பாக்கறதுக்கு. செகண்டுக்கு 80 சொச்சத்துல குத்தி நின்னுச்சு, ஹைவேல நான் போட்ட கணக்கு எங்க நின்னுச்சோ அங்கயே. குழாய் மெலிஞ்சு நீளமாகி நுனில கண்ணாடியும் தொங்கினா சொந்த ஆட்டம் கீழ எறங்கும், எறங்கி வந்து சரியா மாப்ள தெனமும் ஓட்டுற இஞ்சின் சுத்துல உக்காந்துருச்சு. பேலன்சர் அடிச்சது போக மிச்சம் மீதி கொஞ்சம் எப்பவும் இருக்கும், அந்த கொஞ்சம் லூஸ் போல்ட்டு வழியா இன்னும் கூடி ஹேண்டலுக்கு வந்துச்சு, ஹேண்டல் அத ஊதி பெருசாக்கிருச்சு.

கம்பெனி ஹேண்டல் தங்கச்சி வீட்டு ஸ்டோர்ல தொடப்பத்துக்கு பின்னால கெடந்துச்சு. கைல தூக்கினாலே வித்தியாசம் தெரியுது, நல்ல கனம். அத மாட்டி அதே தட்டு தட்டினா குத்து வேற எங்கயோ, அவன் ஓட்டுற எல்லைக்கு நல்லா மேல போயிருச்சு. புதன்கெழம ஜாவி வரைக்கும் திரும்ப போனோம், 95ல லோரி நம்பர நானே வாய்விட்டு படிச்சேன்.

சரி, அப்ப தலைமுற வித்தியாசம்னு ஒண்ணு உண்டா இல்லையா? உண்டு, அதுவும் பெருசு. ஆனா ஆளுங்க சொல்ற மாதிரி பழசு ஆடும் புதுசு ஆடாதுன்னு ஒத்த கோட்டுல இல்ல. 500ஐ 60ல அஞ்சாவது கியர்ல விட்டு பாருங்க, தடக் தடக்குன்னு சுகமா போகும், பெரிய ஃப்ளைவீல், 41 நியூட்டன் மீட்டர் டார்க், சுத்து கம்மி. அந்த வேகத்துல எனக்கு புதுசவிட பழசு புடிக்கும், வெக்கமில்லாம சொல்றேன். 80க்கு மேல 84 மிமீ பிஸ்டனோட கனம் கைய விட்டு தோளுக்கு ஏறும். 350 அதே வேகத்துக்கு கூட சுத்து சுத்தியாகணும், 27 நியூட்டன் மீட்டர்தான், ஆனா பிஸ்டன் சின்னது, பேலன்சர் இருக்கு, அதனால 100லயும் டேங்க்ல கை வச்சா பூன மாதிரி இருக்கு.

கம்பெனி ஹேண்டல் போட்ட பிறகும் 100ல பிடில லேசா ஒரு கிச்சுகிச்சு இருக்குன்னு மாப்ள சொல்றான், அது பொய் இல்ல. முன்ன மனசுல வச்சுக்க சொன்னேனே, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ வர்ற உதறல், 5000 சுத்துல அது செகண்டுக்கு 167. விரல் தோலுக்கு அடில அதிர்வ உணர்ற நரம்பு முனைங்க 250 பக்கம்தான் ரொம்ப உசாரா இருக்கும். அதாவது பழைய இஞ்சின் விட்டது பெரிய ஆட்டம், கையத்தான் ஆட்டும். புதுசுல மிஞ்சினது ரொம்ப சின்னது, ஆனா விரலுக்கு நல்லா கேக்கற சுருதில மிஞ்சியிருக்கு. பெரிய சத்தம் நின்ன வீட்டுல கொசு சத்தம் கேக்கற மாதிரி. அதே கம்பெனி 650ல ரெண்டு பிஸ்டனயும் 270 டிகிரி தள்ளி வச்சதால இந்த ரெட்ட உதறல் தன்னால ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும், அங்க கிச்சுகிச்சு ஏன் கம்மின்றதுக்கு அதுதான் காரணம்.

எங்கப்பா இதெல்லாம் கேட்டுட்டு "என் ஹோண்டா இஎக்ஸ்5ல எல்லாம் இப்படி பேசினதே இல்ல"ன்னாரு. பேசல, ஆனா 97 சிசிய 85ல ஓட்டினா ஃபுட்ரெஸ்ட்ல கால் கூசும், அவருக்கு அது பழகிப்போச்சு. எங்க தாத்தா ஹோண்டான்னே சொல்ல மாட்டாரு, இங்க ஹோண்டாவ வித்த முதலாளி பேர வச்சு பூன் சியூன்னுதான், தாத்தாவோட சி70க்கு 72 சிசி, பிஸ்டன் உள்ளங்கைல அடங்கும், அது ஆட என்ன இருக்கு. யமஹா ஆர்எக்ஸ்ஸெட் ஆளுங்க டூ ஸ்ட்ரோக் ஆடவே ஆடாதும்பாங்க, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு அடி விழுறதால இழுவ வழவழன்னு இருக்கும், அது உண்ம. பிஸ்டன் உதறல் அங்கயும் அதே உதறல்தான், இழுவயும் உதறலும் வேற வேற விசயம்னு எத்தன தடவ சொன்னாலும் தே தாரிக் கடைல யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

500 எடுத்தவரு இப்ப 80க்கு மேல போறதில்ல, பாலத்துலயே அவ்வளவுதான லிமிட்டு, அவருக்கு குறை ஒண்ணுமில்ல. மாப்ள ரெண்டு வாரமா ஹெல்மெட்ட தானே கழட்டிக்கறான். மெல்லிசு ஹேண்டல தங்கச்சி 40 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஆன்லைன்ல வித்துருச்சு, வாங்கினவரு எந்த மோட்டாருக்கு போடறாருன்னு கேக்க மறந்துட்டோம். இடது ஃபுட்ரெஸ்ட்ல மட்டும் 70ல ஒரு கிர்ர்ர் இன்னும் வருது, சென்டர் ஸ்டாண்ட் ஸ்ப்ரிங்கா இருக்கும்னு நெனக்கிறேன், அடுத்த ஞாயிறு கழட்டி பாக்கணும்.